ஆபீஸ் பிளானில் ஒரு மரம்

கருங்கல் சுற்றுவட்டாரத்தில் இருபத்தாறு வருடங்களாக மரம் வைத்துக்கொண்டிருப்பவர் சுயம்புராஜ். எப்படியும் மூவாயிரம் இருக்கும். ஒன்றுக்குக்கூட அவர் குழி தோண்டியதில்லை, ஒரு செம்பு தண்ணீர் விட்டதில்லை. எல்லாம் காகிதத்தில் வைத்தது. வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது அவருடைய தொழில். வரைந்து முடித்ததும், வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் நடுவில் சட்டப்படி விடவேண்டிய இடத்தில் ஒரு வட்டம் போடுவார். வட்டத்துக்குள் நாலைந்து வளைகோடு இழுத்துப் பச்சை நிறம் கொடுப்பார். மரம் முளைத்துவிடும்.

அந்த வட்டம் இருந்த இடத்தில் நிஜத்தில் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தால், பெரும்பாலும் யாராவது ஒருவருடைய கட்டில் கிடக்கும். சில வீடுகளில் குளியலறை.

வெளியூர்க்காரர்களுக்கு இது சட்டென்று விளங்காது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு இரண்டு பிளான் உண்டு. ஒன்று ஆபீஸ் பிளான், மற்றது கொத்தனார் பிளான். ஆபீஸ் பிளானில் முன்பக்கம் ஐந்தடி, பக்கங்களில் மூன்றேகாலடி, மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஒரு குழி, சுயம்புராஜின் மரம் என்று எல்லா லட்சணமும் இருக்கும். அனுமதி வந்ததும் அந்தத் தாள் பிளாஸ்டிக் உறைக்குள் புகுந்து, பத்திரத்தோடும் ஞானஸ்நானச் சான்றிதழோடும் பீரோவில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிறகு அது வெளிச்சம் பார்ப்பது பேங்கில் லோன் கேட்கும்போதுதான். கொத்தனார் கைக்குப் போவது மற்றது. அதில் வீடு நாலு பக்கமும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. கல்யாண ஆல்பத்துக்கு ஒரு முகம், ஆதார் கார்டுக்கு ஒரு முகம் இருப்பதுபோல வீட்டுக்கும் இரண்டு முகம், அவ்வளவுதான்.

சுயம்புராஜ் கெட்டவர் இல்லை. அய்யாவழிக் குடும்பத்துப் பிறப்பு. நெற்றியில் நாமம் இடாமல் அளவு டேப்பைக் கையில் எடுக்கமாட்டார். ஐ.டி.ஐ.யில் படம் வரையப் படித்துவிட்டு, இருபத்தைந்து வயதில் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி அறையில் மேசை போட்டு உட்கார்ந்தவர், அதே மேசையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். மேசைமேல் இப்போது கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கம்ப்யூட்டரிலும் அவர் முதலில் கற்றுக்கொண்டது மரம் போடத்தான். இப்போது ஒரு பட்டனைத் தட்டினால் போதும், நிழலோடு வரும்.

வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்.

"மூணேகாலடி சும்மாட்டு விடணுமா சாறே? எனக்க ஒரு ரூமுல்லா போச்சு. என்னத்துக்கு விடணும்?"

"சட்டம்."

"அது தெரியும். சட்டத்துக்கு என்னத்துக்கு எனக்க மூணேகாலடி?"

இந்த இடத்தில் சுயம்புராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு கீழே கடைக்கு டீ சொல்லுவார். டீ வந்து குடித்து முடிக்கும்போது பேச்சு வாஸ்துவுக்குப் போயிருக்கும். வாஸ்து என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கும் கிடையாது. கோயிலுக்குப் போகிறவன், சர்ச்சுக்குப் போகிறவன், இரண்டுக்கும் போகாதவன், எல்லோருக்கும் தென்மேற்கில் கன்னிமூலை வேண்டும். சட்டம் கேட்ட மூன்றடிக்கு முகத்தைச் சுளித்தவன், வடகிழக்கில் ஆறடி விட்டால் விசா சீக்கிரம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் எட்டடி விடுவான். சட்டத்தை எழுதினவர்களுக்கு இந்தப் பக்கத்து மனிதர்களைத் தெரியவில்லை. காரணத்தைச் சொல்லாமல் பலனைச் சொல்லியிருந்தால் ஊர் இன்றைக்குச் சோலையாக இருக்கும்.

காரணம் என்னவென்று சுயம்புராஜுக்கே அந்த இருபத்தாறு வருடத்தில் தோன்றியதில்லை. விதிப்புத்தகத்தில் இருந்தது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தார். காற்று, வெளிச்சம், தீ விபத்து, மழைநீர் என்று நான்கு சொல். நான்கு மார்க் கிடைத்தது. அத்தோடு சரி.

இனி அவருடைய சொந்த வீட்டுக்கு வருவோம். பாசனச் சானல்கரையை ஒட்டின தெருவில் நாலு சென்ட். பதினெட்டு வருடங்களுக்கு முன்னால் கட்டியது. இடம் ஒடுங்கலாக, ரயில் பெட்டியைப்போல நீண்டு கிடந்தது. சட்டப்படி விட்டால் ஹால் இருக்காது, வராந்தாதான் இருக்கும். கிழக்கே ஏழு சென்ட் தென்னந்தோப்பு, ஆள் கிடையாது, கேள்வி கிடையாது. சுயம்புராஜ் தனக்கும் இரண்டு பிளான் போட்டுக்கொண்டார். கிழக்குச் சுவரை எல்லைக்கோட்டின்மேலேயே ஏற்றினார். அதில் ஒரு பெரிய சன்னல் வைத்தார். சன்னலுக்கு மழை அடிக்கக்கூடாதென்று மேலே சன்ஷேடு ஒன்றை ஒன்றேகாலடி நீட்டிவிட்டார். அது பக்கத்துத் தோப்பின் ஆகாயத்தில் நின்றது. தென்னைமரங்கள் ஆட்சேபிக்கவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, சுயம்புராஜ் ஊருக்கும் உபதேசம் செய்யவில்லை, அந்த அளவுக்கு நேர்மை.

அந்தச் சன்னலின் கீழேதான் அவர் மனைவி ஓமனாவின் தையல்மிஷின். கல்யாணத்துக்கு முன்பே தைக்கத் தெரியும். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து காலை ஏழு மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் பதினொன்று வரை கிழக்கு வெளிச்சம் துணிமேல் விழும். பிளவுஸ், பள்ளிக்கூடத்து யூனிபாரம், பாட்டுக்குழுப் பெண்களின் ஒரே மாதிரி சுடிதார், எல்லாம் அந்த நான்கு மணிநேரத்தில்தான். ஐம்பது வயதைத் தாண்டினபிறகு பதினொன்றுக்குமேல் ஊசியில் நூல் கோக்க அவளுக்குக் கண் வருவதில்லை. தைப்பது அவளுக்கு வருமானம் மட்டும் இல்லை. தெருவில் பாதிப் பெண்களின் தோள் அளவும் கை அளவும் அவளுக்கு மனப்பாடம். யார் மெலிந்தார்கள், யார் பூசினாற்போல ஆனார்கள் என்பது அவளிடம்தான் முதலில் தெரியும். அந்த மிஷினை எடுத்துவிட்டால் ஓமனா யார் என்று அவளே பிறரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாள் மாடிப்படியேறி ஷைஜா வந்தாள். நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் ஜான்ரோஸ் குவைத்தில் கிரேன் ஓட்டுகிறான். கையில் பத்திரம்.

"அண்ணா, நம்ம இடத்துல வீடு வைக்கப் போறோம். உங்க வீட்டுக்குக் கிழக்க உள்ளது. தோப்பை அவருக்க அப்பா அவருக்கு எழுதிக் குடுத்தாச்சு."

சுயம்புராஜ் பத்திரத்தை வாங்கி விரித்தார். மேற்கு எல்லை: சுயம்புராஜ் வீடு. சொந்தப் பெயரை அவர் இரண்டுமுறை படித்தார்.

"அவரு சொன்னதை அப்படியே கேளுங்க" என்று ஷைஜா போனைத் தட்டினாள். குவைத்திலிருந்து ஜான்ரோஸின் குரல் அறை முழுதும் கேட்டது. "சாறே, நல்லாட்டு ஒரு பிளான் போடுங்க. நாலு பக்கமும் எல்லை வரைக்கும் எடுத்துருங்க, ஒரு இஞ்சும் விடாண்டாம். நமக்க இடத்தை நாம என்னத்துக்கு விடணும்?"

இருபத்தாறு வருடமாகக் கேட்ட அதே கேள்வி. முதன்முறையாக அதற்கு ஒரு பதில் சுயம்புராஜின் நெஞ்சில் முட்டிக்கொண்டு நின்றது. பதில் சன்னல் வடிவத்தில் இருந்தது. வாயைத் திறந்திருந்தால் வந்திருக்கும். ஆனால் மடியில் கனம் இருக்கிறவனுக்கு வழியில் பயம். "இடம் விடு" என்று சொல்ல, விட்டவனுக்கல்லவா வாய் உண்டு.

"டீ குடிக்கியா?" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயம் ஓமனாவின் காதுக்குப் போனது. அவள் மோர்க்குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பம் எனக்க சன்னலு?"

"பாத்துக்கிடலாம்."

"என்னத்தைப் பாக்க? அவுங்க சுவரு வந்தா பின்ன பாக்கதுக்கு என்ன உண்டு? செங்கல்லுதான்."

"ஒரு டியூப்லைட் போட்டுத் தாறேன். ரெண்டு போடுவோம்."

மறுநாளே டியூப்லைட் வந்தது. பழகிக்கொள்வோம் என்று அவளும் சன்னலைச் சாத்திவிட்டு அதன்கீழ் உட்கார்ந்து ஒரு கறுப்புப் பிளவுஸை வெட்டித் தைத்து முடித்தாள். நாலாம் நாள் பிளவுஸின் சொந்தக்காரி லிஜி அதை வெளியே வெயிலில் விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். கறுப்புத் துணியில் முழுக்கக் கருநீல நூல் ஓடியிருந்தது. லிஜி நல்ல பெண், "டிசைன்னு நினைச்சேன் அக்கா" என்று சொல்லிப் பார்த்தாள். ஓமனா பிளவுஸை வாங்கி மடியில் வைத்து, ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். பிரிக்க மதியம் வரை ஆயிற்று. அதைப் பார்த்துக்கொண்டு சுயம்புராஜ் செருப்பைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். அவருக்கு உண்மையாகவே மனம் கஷ்டப்பட்டது.

கஷ்டப்பட்ட மனத்துக்குத் தந்திரம்தான் முதலில் தோன்றும். ஷைஜாவிடம் வாஸ்து சொல்லிப் பார்ப்போமே, மேற்கே தாராளமாக இடம் விட்டால் குடும்பத்துக்கு விசேஷம் என்று. மேசை டிராயரில் கிடந்த வாஸ்து புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். எல்லா வாஸ்துவும் ஒரே குரலில் சொன்னது: கிழக்கிலும் வடக்கிலும் நிறைய விடு, மேற்கில் குறைத்து விடு. ஊர் முழுவதும் அந்தப் புத்தகத்தை வைத்துப் பிழைத்தவருக்கு, சொந்தத் தேவைக்கு ஒரு பக்கம்கூட உதவவில்லை.

பிளான் போட்டார். வழக்கம்போல இரண்டு. கொத்தனார் பிளானில் ஷைஜாவின் மேற்குச் சுவரை எல்லைக்கோட்டில் மூன்றுமுறை இழுத்து அழித்து, நாலாம்முறை விட்டுவைத்தார். ஆபீஸ் பிளானில் அதே இடத்தில் மூன்றேகாலடி விட்டு மரத்தை வைத்தார். இப்போதெல்லாம் சின்ன வீடுகளுக்குச் சொந்தக்காரரே "விதிப்படி கட்டுவேன்" என்று ஆன்லைனில் உறுதி கொடுத்துவிட்டால் அனுமதி சீக்கிரம் வந்துவிடும். அந்த உறுதிமொழித் தாளை நீட்டி, விரலால் இடத்தைக் காட்டினார். எல்லோரும் போடுகிறதுபோல ஷைஜாவும் போட்டுவிடுவாள் என்று பேனாவைத் திறந்தும் கொடுத்தார்.

நர்ஸ்மாருக்கு ஒரு குணம் உண்டு. படிக்காமல் கையெழுத்துப் போட்டால் ஒருவர் உயிர் போகும் என்று பயின்றவர்கள். ஷைஜா நாற்காலியை இழுத்துப் போட்டு முதல் வரியிலிருந்து படித்தாள். டீ ஆறியது. பிறகு இரண்டு பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது என்ன மரம் அண்ணா?"

"எது?"

"இது. பச்சையாட்டு."

இருபத்தாறு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. மாமரம் என்று சொல்லலாம் என்றால் மூன்றேகாலடியில் மாமரம் எப்படி நிற்கும்? தென்னை என்றால் ஓலை இரண்டு வீட்டுக் கூரையையும் பெருக்கும்.

"மரம்... சும்மா மரம்தான் பிள்ளே. ஆபீசுக்கு."

"ஓ" என்றாள் ஷைஜா. கையெழுத்தைப் போட்டுவிட்டு, இரண்டு பிளானையும் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

பத்து நாளில் அனுமதி வந்தது. தென்னைகளை வெட்டி இறக்கினார்கள். அடுத்த வாரம் வீட்டுக்குக் கயிறு பிடிக்கும் நாள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுவதற்கு முன்னால் கம்பி அடித்து நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவி வீட்டின் உருவத்தைத் தரையில் கோடாகக் காட்டுகிற வேலை. அன்றைக்குச் சுயம்புராஜ் காய்ச்சல் வரவழைத்துக்கொள்ளப் பார்த்தார். வரவில்லை. எல்லைக்கல்லைக் காட்டிக் கொடுக்கப் பிளான் போட்டவர் போகாமல் முடியாது. போனார். தன் வீட்டுச் சன்னல் பக்கம் திரும்பாமல் நின்றுகொண்டார். சன்னலுக்கு உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கடைசி நாட்களை வீணாக்கவேண்டாம் என்று ஓமனா தைத்துக்கொண்டிருந்தாள்.

கொத்தனார் முருகதாஸ் நாற்பது வீடு எழுப்பிய கை. ஷைஜா கொடுத்த தாளை விரித்தார். நேராகப் பார்த்தார், தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"மேடம், தாளு மாறிப்போச்சு. இது ஆபீஸ் பிளானு. மத்ததை எடுங்க."

"மாறல்ல. இதுதான்."

"இதுல மரமெல்லாம் உண்டு."

"தெரியும்."

முருகதாஸுக்கு வேர்த்துவிட்டது. நாற்பது வீட்டில் ஒருவர்கூட அவரை இப்படிச் சோதித்தது கிடையாது. வேலி ஓரமாக நின்று பார்த்தவர்களும் நெருங்கி வந்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து முத்துநாயகம் பைக்கை நிறுத்திவிட்டே வந்தார். பாவம், படித்த பெண், தாள் மாறினது தெரியவில்லையே என்று எல்லோருக்கும் இரக்கம். ஒருவர் "புருஷன் ஊருல இல்லாத வீடு, அப்படித்தான்" என்றார். முருகதாஸ் தாங்கமுடியாமல் குவைத்துக்கே வாட்ஸ்ஆப் கால் போட்டுப் போனை ஷைஜாவிடம் நீட்டினார்.

"ஏட்டி, என்னத்தைச் செய்ய நீ?" என்றது ஜான்ரோஸின் குரல். "அவ்வளவும் விட்டா ஒரு ரூம் போவுமே."

"போட்டும். ரூமு ஒண்ணு குறைஞ்சா என்ன? நான் கோட்டாத்துல வாடகை வீட்டுல எட்டு வருஷமா காலையில லைட்டுப் போட்டு பல்லு தேய்க்கேன். துணி காயுகதில்ல. பக்கத்து வீட்டுல மீன் பொரிச்சா நமக்க தலையணை மணக்கும். ஆஸ்பத்திரியில கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல டிராலி போவ இடம் விடுகோம். வீட்டுக்கு வேண்டாமா?"

"அது ஆபீசுக்குள்ள பிளானுல்லாட்டி."

"அதுதான் எனக்கு விளங்கல்ல. நல்ல வீட்டை வரைஞ்சு ஆபீசுக்குக் குடுக்கது, நெருங்கின வீட்டை நமக்கு வச்சுக்கிடுகது. ஆபீசுக்காரங்களா வந்து அதுல இருக்கப் போறாங்க? அதுவுமில்லாம விதிப்படி கட்டுவேன்னு நான் கையெழுத்துப் போட்டேன். நீங்க வருஷத்துல முப்பது நாளு இருப்பீங்க. மிச்ச நாளு இருக்கப் போறது நான்."

குவைத்தில் ஓடிக்கொண்டிருந்த கிரேன் சத்தம் நின்றது. "சரி, உனக்க இஷ்டம். கன்னிமூலையை மட்டும் விட்டுராத" என்று சொல்லி ஜான்ரோஸ் வைத்தான்.

சுயம்புராஜுக்குத் தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கிவிட்டது. ஓமனாவின் சன்னல் பிழைத்தது. கருங்கலில் இருந்து களியக்காவிளை வரைக்கும் ஆபீஸ் பிளானை நம்பின ஒரே ஆள் கடவுள் புண்ணியத்தில் தன் பக்கத்து வீட்டுக்காரியாக வாய்த்திருக்கிறாள். இனி தான் ஒன்றும் பறையவேண்டாம், ஒன்றும் செய்யவேண்டாம். இந்த நிம்மதி சரியாக நாலு நிமிடம் நீடித்தது.

முருகதாஸ் எல்லைக்கல்லைத் தேடிச் சருகை விலக்கினார். கல்லிலிருந்து கல்லுக்கு நூல் இழுத்தார். நூல் சுயம்புராஜின் சுவரை உரசிக்கொண்டு போயிற்று. பிறகு தொழில் பழக்கத்தில், மேலே நிமிர்ந்து பார்த்து, சன்ஷேடின் நுனியிலிருந்து தூக்குக்குண்டை இறக்கினார். குண்டு ஆடி ஆடி நின்றது. நின்ற இடம் ஷைஜாவின் மண்ணுக்குள் ஒன்றேகாலடி.

எல்லோரும் குண்டைப் பார்த்தார்கள். பிறகு சன்ஷேடைப் பார்த்தார்கள். பிறகு, வேறு வழியில்லாமல், சுயம்புராஜைப் பார்த்தார்கள். உள்ளே மிஷின் சத்தம் நின்றிருந்தது.

முருகதாஸ் விசுவாசமான ஆள். சுயம்புராஜின் காதோரம் வந்தார்.

"சாறே, கல்லு மழையில கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும்னு சொல்லிருங்க. ஒண்ணேகாலடி தள்ளி ஊணிக்கிடலாம். அவுங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

கல் அவர் காட்டிக் கொடுக்கிற கல். அவர் சொன்னால் அதுதான் எல்லை. ஊர் முழுக்க அவர் பேச்சுக்கு அந்த மதிப்பு இருந்தது. சன்னல் கம்பிக்குப் பின்னால் ஓமனாவின் முகம் தெரிந்தது. வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருந்தாள்.

"கல்லு சரியாத்தான் நிக்கு" என்றார் சுயம்புராஜ். "நான்தான் தள்ளி நிக்குகேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட ஆச்சரியமாக இருந்தது.

ஷைஜா சன்ஷேடை நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணனுக்க ஆபீஸ் பிளான்ல இந்த இடத்துல என்ன உண்டு?"

"மூணேகாலடி இடம்." சுயம்புராஜ் தரையைப் பார்த்தார். "ஒரு மரம்."

முதலில் சிரித்தது ஓமனா. குண்டூசியைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். பிறகு வேலி முழுவதும் சிரித்தது. சுயம்புராஜும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணிற்று, சிரிப்பு வரவில்லை.

இடிக்கச் சொல்லி ஷைஜா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் அவரால் அதை அப்படியே விடமுடியவில்லை போலிருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையே முருகதாஸை வரவழைத்தார் சுயம்புராஜ். பக்கத்தில் நின்றே சன்ஷேடை நறுக்க வைத்தார். கடைசித் துண்டு விழுந்ததும் உள்ளேயிருந்து ஓமனா கூப்பிட்டாள். ஏதோ உடைந்துவிட்டது என்று ஓடினார்.

மிஷின், துணி, அவள் கை, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த காலண்டர், எல்லாம் பளிச்சென்று இருந்தன. மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. பதினொன்றுக்கு மேல் அந்த அறைக்கு வெளிச்சம் வந்து அவர்கள் பார்த்ததில்லை.

"பதினெட்டு வருஷம்" என்றாள் ஓமனா. "பதினொரு மணிக்கு எனக்க கண்ணு மங்குகதுன்னு நான் ரெண்டு தடவை கண்ணாடி மாத்தினேன். நீங்கதான் மேல கையை நீட்டி மறைச்சிட்டு நின்னிருக்கீங்க."

அவர் ஐப்பசி மழைக்குச் சன்னலில் ஒரு பிளாஸ்டிக் படுதாவைச் சுருட்டி மேலே கட்டி வைத்தார். மழை வந்தால் இறக்கவேண்டும், நின்றால் ஏற்றவேண்டும். அந்த வேலை இன்றுவரை அவருடையது. சாமத்திலும் எழுந்து செய்கிறார் என்று ஓமனா தெருவில் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறாள்.

ஷைஜாவின் வீடு எழும்பியது. தெருவில் ஒரே ஒரு வீடு மட்டும் நாலு பக்கமும் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கச் சிலர் வந்தார்கள். மழையில் தெரு முழுக்கக் கணுக்கால் தண்ணீர் நின்றபோது அவள் முற்றத்தில் மட்டும் அரைமணியில் வடிந்தது. அதற்கும் அந்த இடத்து மண் நல்ல மண் என்றுதான் சொன்னார்கள்.

பால்காய்ச்சு அன்றைக்குக் காலையில் ஷைஜா பிளானை எடுத்துக்கொண்டு வந்து சுயம்புராஜின் முன்னால் விரித்தாள்.

"எல்லாம் வச்சாச்சு. மரம் மட்டும் பாக்கி. என்ன மரம்னு இப்பமாவது சொல்லுங்க அண்ணா."

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தார். இரண்டு சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். மூன்றேகாலடியில் வளரவேண்டும், வேர் சுவரைப் பிளக்கக்கூடாது, வெளிச்சத்தை மறைக்கக்கூடாது. இருபத்தாறு வருடம் பட்டனைத் தட்டி மூவாயிரம் மரம் வைத்தவருக்கு ஒரு மரத்துக்குப் பதில் தெரியவில்லை. கடைசியில் ஓமனா சன்னல் வழியாகச் சொன்னாள்.

"கறிவேப்பில வையுங்க. கை எட்டுகது போல."

சுயம்புராஜ் குழி தோண்டினார். வாழ்க்கையில் முதல் குழி. அளவு கொஞ்சம் கோணல். இப்போது அது சன்னல் கம்பி உயரத்துக்கு வந்துவிட்டது. ஷைஜா மீன்குழம்புக்கு அந்தப் பக்கம் ஒடிக்கிறாள், ஓமனா இந்தப் பக்கம் ஒடிக்கிறாள். இரண்டு பேரும் ஒடிக்கிற ஒடியில் அது மரமாவதற்கு வழியில்லை.

மாடி அறைக்கு இப்போதும் ஆள் வருகிறது. முன்போல இல்லை. சுயம்புராஜ் ஒரு பிளான்தான் போடுவார் என்பது தெரிந்து பாதிப்பேர் எதிர்க்கட்டிடத்துப் பிளான்காரரிடம் போய்விடுகிறார்கள். வருகிறவர்கள் அதே பாட்டைப் பாடுகிறார்கள். மூணேகாலடி என்னத்துக்கு சாறே?

அவர் "சட்டம்" என்று சொல்வதில்லை. டீயும் சொல்வதில்லை. "வாங்க" என்று எழுந்து, பைக்கின் பின்னால் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார். ஓமனாவின் நாற்காலியில் உட்காரவைத்து, சன்னலைச் சாத்தி, டியூப்லைட்டைப் போட்டு, கையில் ஒரு ஊசியும் கறுப்பு நூலும் கொடுப்பார்.

"நூலு கோருங்க."

வந்தவர் நூல் நுனியை எச்சில் தொட்டுத் தொட்டு ஊசியின் நாலு பக்கமும் குத்திக்கொண்டிருப்பார். சுயம்புராஜ் ஒன்றும் பேசமாட்டார். பிறகு சன்னலைத் திறப்பார்.

ஒருவர் ஊசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக எதிர்க்கட்டிடத்துக்கே போனார். மூன்று பேர் திரும்ப வந்து பிளான் போட்டார்கள். மூன்று பிளானிலும் பச்சை வட்டத்துக்குள் என்ன மரம் என்று அவர் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார்.